‘தெரியாது’ என்று சொல்லாமல் காலம் தள்ளுவது எப்படி?

நம் ஊரில் மானத்தோடு வாழ நினைக்கும் ஒருவர் முதலில் பழக வேண்டியது, வழி கேட்பவருக்கு வழி சொல்வது. வழி தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தெரிந்தவர் சொல்வதில் என்ன திறமை இருக்கிறது? அதை ஒரு கைகாட்டி மரமே செய்யும்.

“அண்ணே, காந்தி நகர் ரெண்டாவது கிராஸ் எங்கண்ணே?” என்று ஒருவர் வண்டியை அணைக்காமல் காலை மட்டும் ஊன்றிக்கொண்டு கேட்கிறார் என்று வையுங்கள். உடனே பதில் சொல்லக் கூடாது. இரண்டு விநாடி வானத்தைப் பார்க்க வேண்டும். பிறகு கையை முழுதாக நீட்டி, “நேராப் போங்க. ஒரு பிள்ளையார் கோயில் வரும். அங்க சோத்தாங்கைப் பக்கம் திரும்பிட்டீங்கன்னா, யாரைக் கேட்டாலும் சொல்வாங்க” என்று முடிக்க வேண்டும். எந்தத் திசையில் போனாலும் பிள்ளையார் கோயில் வரத்தான் போகிறது. ‘யாரைக் கேட்டாலும்’ என்ற இடத்தில் பொறுப்பு முழுவதும், இன்னும் கண்ணில் படாத அடுத்த ஆளின் தலைக்கு மாறிவிடுகிறது. அவரும் வானத்தைப் பார்ப்பார்.

சென்னைவாசிகளுக்குக் கூடுதல் வசதி உண்டு. “பழைய நம்பரா, புது நம்பரா?” என்று திருப்பிக் கேட்டால் போதும். கேட்டவர் கையிலுள்ள சீட்டைப் பார்க்கத் தொடங்குவார். நீங்கள் நடையைக் கட்டலாம். கூகுள் மேப் வந்தபின் இந்தக் கலை நலிந்துவருகிறது என்று சிலர் கவலைப்படுகிறார்கள். கவலை வேண்டாம். “மேப்பு இங்க தப்பாக் காட்டும், நான் சொல்றபடி போங்க” என்ற ஒரு வரியால் கலைக்கு மறுவாழ்வு கொடுத்த பெரியவர்கள் இன்றும் தெருமுனைகளில் இருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இது பொய் சொல்லும் கலை அல்ல. பொய்யருக்கு உண்மை எது என்று தெரியும். அதை மறைக்க அவர் உழைக்கிறார். நமக்கு அந்தச் சுமையே கிடையாது.

பந்தியில் பேச வேண்டியவை

அடுத்த பயிற்சிக் களம் கல்யாண வீடு. சாம்பாருக்கும் ரசத்துக்கும் இடையில் உலக விவகாரம் முழுவதும் இலைக்கு வரும். அக்கா மகன், படித்த பிள்ளை, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, “மாமா, ரெப்போ ரேட்டைக் குறைச்சா நமக்கு என்ன மாமா ஆகும்?” என்று கேட்பான். பதறக் கூடாது. அப்பளத்தை நொறுக்கியபடி, “அதெல்லாம் மேல இருக்கறவங்க ஆட்டம்டா மாப்ளே” என்று சொல்லுங்கள். வட்டி விகிதத்துக்கு மட்டும் அல்ல. மழை பொய்த்ததற்கும், கிரிக்கெட்டில் தோற்றதற்கும், தங்கம் விலை ஏறியதற்கும் இறங்கியதற்கும் இதே பதில் பொருந்தும். இப்படிப் பல பூட்டுக்குப் பொருந்தும் சாவிகளை இளமையிலேயே சேர்த்துவைப்பது நல்லது. “பொதுவாப் பாத்தீங்கன்னா”, “அதுல ஒரு உள்குத்து இருக்கு”, “இதை நான் சொல்லலை, ஆராய்ச்சி சொல்லுது” ஆகியவை அனுபவத்தில் தேறியவை. எந்த ஆராய்ச்சி என்று பந்தியில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் பாயசம் வந்துவிடும்.

புத்தகம் படித்தவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டால் கொஞ்சம் நுட்பம் தேவை. உதாரணத்துக்குப் பொன்னியின் செல்வன். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்து, ஐந்து பாகங்களாக நிற்கிற நாவல். அதை உட்கார்ந்து படிப்பதற்கு ஒரு கோடை விடுமுறை போய்விடும். மணிரத்னம் 2022-லும் 2023-லும் அதை இரண்டு படங்களாக எடுத்தது, படிக்காத தமிழர்களுக்குச் செய்த பேருதவி. “படம் நாவலைத் தொடவே இல்லைங்க” என்று சொன்னால் படம் பார்த்ததும் நாவல் படித்ததும் ஒரே மூச்சில் நிரூபணமாகிவிடும். யாராவது விடாமல், “எந்த இடத்தைச் சொல்றீங்க?” என்று கேட்டால், “நந்தினியை இன்னும் ஆழமாக் காட்டியிருக்கலாம்.” இதை இதுவரை யாரும் மறுத்ததாகத் தகவல் இல்லை.

அலுவலகங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. “ஃபைல் மேல போயிருக்கு.”

காலி இடம் கண்டால் நிரப்பிவிடுங்கள்

தெரிந்தவராக நடப்பது வெறும் நம்மூர்ப் பழக்கம் என்று தாழ்வாக எண்ணிவிடக் கூடாது. உலகம் ஒத்துக்கொண்ட பெரிய மூளைகள் இதில் சாதித்திருக்கின்றன. வங்காளத்தை அளந்து வரைபடம் போட்ட ஜேம்ஸ் ரென்னல் சாதாரண ஆள் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளத் தலைமை நில அளவையாளர். ஊருக்குத் திரும்பியபின், மங்கோ பார்க் மேற்கு ஆப்பிரிக்காவில் செய்த பயணத்துக்கு 1798-ல் ஒரு வரைபடம் தயாரித்தார். நைஜர் ஆறு கிழக்கே ஓடுகிறது என்று பார்க் பார்த்துவந்து சொல்லியிருந்தார். தெற்கே கடல் இருக்கும்போது ஆறு ஏன் அந்தப் பக்கம் போகவில்லை? நடுவில் மலை மறித்திருக்க வேண்டும். எனவே ரென்னல், தாம் கண்ணால் காணாத அந்த நிலத்தில், கிழக்கு மேற்காக நீண்ட ஒரு மலைத்தொடரை வரைந்து வைத்தார். பெயர்: காங் மலைகள். (ஆறு உண்மையில் தெற்கே வளைந்து கடலுக்குத்தான் போகிறது.)

அடுத்த 90 ஆண்டுகள் அந்த மலை நன்றாக வாழ்ந்தது. ஒருவர் வரைபடத்தைப் பார்த்து அடுத்தவர் வரைந்தார். மலை நீண்டது, உயர்ந்தது. சிலர் உச்சியில் பனிகூடப் போர்த்திவிட்டார்கள். அந்தப் பக்கம் போன பயணிகள் சிலர் வழியில் தென்பட்ட குன்றைப் பார்த்து, இதுதான் காங் மலை என்று எழுதிவைத்தார்கள். அச்சில் இருப்பது நேரில் இல்லாமல் போகுமா? லூயி குஸ்தாவ் பாஞ்சே என்ற பிரெஞ்சு அதிகாரி 1887 முதல் 1889 வரை அந்த நிலத்தில் நேரில் போய்ப் பார்த்தார். காங் என்ற ஊர் இருந்தது. மலைத்தொடர் இல்லை. அவர் வந்து சொன்ன பிறகும் சில அட்லஸ்கள் மனம் வராமல் அதை வைத்திருந்தன. ஒரு கோட்டைப் போடுவதற்கு ஆன நேரம் ஒரு பிற்பகல் இருக்கலாம். அதை அழிப்பதற்கு ஒரு ஆள் இரண்டு ஆண்டு அலைய வேண்டியிருந்தது. நம் கலையின் வலிமைக்கு வேறு சான்று வேண்டுமா?

இதே வேலையில் தோற்றுப்போனவரையும் சொல்ல வேண்டும். ரென்னலுக்கு அரை நூற்றாண்டு முன்பே, 1749-ல், பாரிஸில் தான்வில் என்பவர் ஆப்பிரிக்கா வரைபடம் ஒன்றை வெளியிட்டார். முன்னோர்கள் நிரப்பிவைத்திருந்த ஆதாரமில்லாத மலைகள், ஏரிகள், அரசுகள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, நம்பத்தகுந்த தகவல் இல்லாத இடங்களை வெள்ளையாகவே விட்டார். காசு கொடுத்து வாங்கியவர் கண்டத்தின் நடுவில் வெறும் தாளைப் பார்த்திருப்பார். இப்படியா வியாபாரம் செய்வது? அந்த வெள்ளைத் தாளைப் பார்த்தவர்களுக்கு அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்ற அரிப்பு வந்ததுதான் மிச்சம். மலை வரைந்திருந்தால் நிம்மதியாக வீட்டிலேயே இருந்திருப்பார்கள்.

கெட்டுப்போனவர் ஒருவரின் கதை

நம் வழியை விட்டு விலகினால் என்ன ஆகும் என்பதற்கு ராலே பிரபு ஓர் எச்சரிக்கை. இங்கிலாந்தில் பிரபுப் பட்டம், பண்ணை, வீட்டிலேயே சோதனைக்கூடம். போதாததற்குக் கேம்பிரிட்ஜில் மாக்ஸ்வெல்லுக்குப் பின் அதே நாற்காலியில் அமர்ந்த பேராசிரியர். இந்த நிலையில் இருப்பவருக்கு எதுவும் தெரியாமல் இருக்க உரிமை கிடையாது. அவர் வாயுக்களை எடைபோட்டுக்கொண்டிருந்தார். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜனும் அம்மோனியாவிலிருந்து எடுத்த நைட்ரஜனும் ஒரே எடை இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. காற்றிலிருந்து வந்தது ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது.

நம்மில் யாராவது இருந்தால் என்ன செய்திருப்போம்? ‘தராசு சரியில்லை’ என்போம். உதவியாளரைத் திட்டுவோம். ஆயிரத்தில் ஒன்றுதானே என்று நோட்டை மூடுவோம். இந்த மனிதர் 1892-ல் ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் எழுதினார். எடை ஏன் மாறுகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை, வேதியியல் தெரிந்த வாசகர்கள் யாராவது காரணம் சொன்னால் நன்றி உடையவனாவேன் என்பது சாரம். நாடெங்கும் படிக்கிற பத்திரிகையில், தம் பெயரைப் போட்டு.

கடிதத்தைப் படித்து யாரும் விடை சொல்லிவிடவில்லை. ஆனால் கேள்வி ஊருக்குத் தெரிந்துவிட்டது. ராலே மேலும் எடைபோட்டார். வித்தியாசம் குறையவில்லை, 200-ல் ஒரு பங்காக வளர்ந்தது. ஒரே அளவுக் கண்ணாடிக் கோளத்தில் ஒன்று 2.31 கிராம், இன்னொன்று 2.30 கிராம். வில்லியம் ராம்சே என்ற வேதியியலாளர், நானும் இதைத் தொடரலாமா என்று கேட்டுச் சேர்ந்துகொண்டார். 1894-ல் இருவரும் காற்றில் இதுவரை யாரும் அறியாத ஒரு வாயு இருக்கிறது என்று அறிவித்தார்கள். ஆர்கான். நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு அதுதான். கார்பன் டை ஆக்ஸைடைவிட இருபது மடங்குக்கு மேல். காற்றை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தாகிவிட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் முழுக்க அது மூக்கிலேயே இருந்திருக்கிறது.

இதில் வேடிக்கை, 1785-லேயே ஹென்றி காவண்டிஷ் தம் சோதனையின் கடைசியில் கரையாமல் ஒரு சின்னக் குமிழி மிஞ்சுகிறது என்று எழுதிவைத்திருந்தார். அது என்ன என்று அவர் பெயர் சூட்டவில்லை. இருக்கிறது என்று மட்டும் குறித்தார். நூறாண்டு கழித்து அந்தக் குறிப்பு ராலேக்கும் ராம்சேக்கும் உதவியது. அவர் மட்டும் கொஞ்சம் சாமர்த்தியமாக ‘அழுக்கு’ என்று எழுதி முடித்திருந்தால் எவ்வளவு தொல்லை மிச்சம்! 1904-ல் ராலேக்கு இயற்பியல் நோபலும் ராம்சேக்கு வேதியியல் நோபலும் கொடுத்துத் தவறான முன்னுதாரணத்தை ஏற்படுத்திவிட்டார்கள். இன்று நம் ஊர்த் தொழிற்பேட்டைச் சந்துகளில் ‘இங்கு ஆர்கான் வெல்டிங் செய்யப்படும்’ என்று போர்டு தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம், அந்தப் பிரபு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று தோன்ற வேண்டும்.

காய்ச்சல் வந்தால்

உறவில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டதும் நீங்கள் உடனே செயல்பட வேண்டும். சூடு, வாயு, பித்தம் என்று மூன்று சொற்கள் கைவசம் இருந்தால் தலை முதல் கால் வரை எல்லா நோய்க்கும் காரணம் சொல்லிவிடலாம். “சூட்டு உடம்புக்காரி, நேரத்துக்குச் சாப்பிடறதில்லை, ராத்திரி முழுக்க போன். இளநீர் கொடுங்க” என்று சித்தி சொல்லிவிட்டால் குடும்பத்துக்கே ஒரு நிம்மதி. காரணம் கிடைத்துவிட்டது. காரணம் கிடைத்தபின் தேடுவார்களா?

மருத்துவர்களில் இந்த விஷயத்தில் நமக்குத் துரோகம் செய்கிறவர்கள் உண்டு. 1961-ல் பீட்டர்ஸ்டார்ஃப், பீஸன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், காரணம் தெரியாத காய்ச்சல் என்று ஒரு வகையையே இலக்கணத்தோடு எழுதிவைத்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்க வேண்டும், பலமுறை 38.3 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்க வேண்டும். மருத்துவமனையில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தும் காரணம் பிடிபட்டிருக்கக் கூடாது. நம் ஊர் அரசு மருத்துவமனை வார்டுகளிலும் கேஸ் ஷீட்டில் அதையே ஆங்கிலத்தில் சுருக்கி ‘பி.யூ.ஓ.’ என்று எழுதுவார்கள். படிப்பு முடித்து, அதற்கு மேலும் படித்து, இதை எழுத அவர்களுக்கு எப்படி மனம் வருகிறதோ! அந்த மூன்றெழுத்து தாளில் இருக்கும்வரை யாரும் சும்மா இருக்க முடியாது. காலையில் வருகிற பெரிய டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, ஸ்கேன் எடுத்தாச்சா, கல்ச்சர் வந்துச்சா, நெறிகட்டியிருக்கா என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். எங்கோ ஒளிந்திருக்கிற காசநோயோ, சீழ்க்கட்டியோ, புற்றுநோயோ கடைசியில் அகப்படுவது இந்த அலைச்சலில்தான். சித்தியின் முறையில் இந்த அலைச்சல் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

குழந்தைகளிடம் ஜாக்கிரதை

இந்தக் கையேட்டின் எல்லா உத்தியும் பெரியவர்களிடம் மட்டுமே பலிக்கும். ஏழு வயதுக் குழந்தை ‘எப்படி?’ என்று கேட்டால் ஓடிவிடுங்கள். யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஸன்பிளிட், கெயில் இருவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டிக்கொடுத்தது. ஜிப், பூட்டு, கழிப்பறை ஃபிளஷ் இவையெல்லாம் எப்படி வேலை செய்கின்றன என்று உங்களுக்கு எவ்வளவு தெரியும், மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். எல்லோரும் தாராளமாகப் போட்டுக்கொண்டார்கள். சரி, இப்போது படிப்படியாக எழுதுங்கள் என்றார்கள். எழுதத் தொடங்கியதும், அவரவர் போட்ட மதிப்பெண்ணை அவரவரே குறைத்துக்கொண்டார்கள்.

“தாத்தா, டாங்கி நிறைஞ்சதும் தண்ணி தானா எப்படி நிக்குது?” என்ற கேள்விக்குச் சரியான பதில், “முதல்ல ஹோம்வொர்க் முடிச்சியா?” மூடியைத் திறந்து, மிதவை மேலே ஏறுவதைக் குழந்தையோடு சேர்ந்து எட்டிப் பார்க்கும் தாத்தாக்களும் இருக்கிறார்கள். பேரப் பிள்ளைகள் அவர்களைத்தான் சுற்றிச்சுற்றி வருகின்றன என்பதால் அவர்களுக்கு மத்தியானத் தூக்கம் கிடையாது.

கும்பகோணத்தில் நடந்த விபரீதம்

அந்நியர் கதையை விடுவோம். நம்மவர் ஒருவர் இப்படி ஒரு கேள்வியில் சிக்கி, வாழ்நாள் முழுதும் ஓய்வில்லாமல் போனார். 1880. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்திருந்த உ.வே.சாமிநாதையருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவு பெற்றவர், கையில் நிலையான உத்தியோகம். மேற்கொண்டு ஒன்றும் தெரிந்துகொள்ளாமலே கௌரவமாக ஓய்வு பெற்றிருக்கலாம்.

சேலம் இராமசுவாமி முதலியார் என்பவர் அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்தார். ஆசிரியர் மரியாதைக்குப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று பட்டியல் போட்டார். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பட்டியலுக்கே எழுந்து நின்றிருப்பார்கள். முன்சீப்பின் முகத்தில் அசைவே இல்லை. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

இந்த இடத்தில் நிறுத்தி யோசியுங்கள். தப்பிக்க எத்தனை வாசல் இருந்தது! “இளமையில் பார்த்தது, இப்போது நினைவில்லை” என்றிருக்கலாம். “சமண நூல்தானே, நம் சம்பிரதாயத்தில் வழக்கமில்லை” என்று மடத்தின் பெயரால் உயர்ந்த இடத்துக்கு ஏறியிருக்கலாம். ஒன்றும் இல்லாவிட்டால், “தங்களுக்கு அதில் எந்தப் பகுதி பிடிக்கும்?” என்று கேள்வியைத் திருப்பியிருக்கலாம். இந்த மூன்றையும் நாம் வாரத்துக்கு ஒரு முறையாவது செய்கிறோம். அவர் படித்ததில்லை என்று சொன்னார். என் ஆசிரியரும் படித்ததில்லை, நூல் கிடைக்கவில்லை, கிடைத்தால் படிப்பேன் என்றும் சொன்னார்.

முதலியார் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொடுத்துவிட்டார். பிடித்தது வினை. நச்சினார்க்கினியர் உரையில் வரும் சமணக் கருத்துகள் விளங்கவில்லை. கல்லூரியில் நூறு பேருக்குப் பாடம் சொல்கிறவர், கும்பகோணத்திலேயே வசித்த சமணர்களின் வீட்டுக்குப் போய், மாணாக்கராக உட்கார்ந்து சந்தேகம் கேட்டார். சிந்தாமணி 1887-ல் அச்சேறியது. அதோடு நின்றதா? பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. ஊர் ஊராகப் பரண்களில் ஏறிச் செல்லரித்த ஏட்டுக் கட்டுகளை இறக்கி, கண்ணைக் கெடுத்துக்கொண்டு, 1942-ல் மறையும்வரை இதே பிழைப்பு. தெரியாது என்று ஒரு நாள் சொன்னதற்கு அறுபது ஆண்டு தண்டனை.

அந்தப் பழக்கம் முற்றிப்போனதை அவர் பதிப்புகளிலேயே பார்க்கலாம். புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாடல்கள் ஏடுகளில் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் சீரும் அடியும் சிதைந்திருந்தன. இரண்டு ஆசிரியப்பா எழுதுவது, மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவருக்கு ஒரு மாலை வேலை. எழுதிச் செருகியிருந்தால் யார் கண்டுபிடித்திருப்பார்கள்? நானூறும் முழுசாக இருக்கும். பாடநூலில் சேர்த்து நாமும் மனப்பாடம் செய்திருப்போம். அந்த எண்களுக்கு எதிரே ஒன்றும் இல்லை என்பதை அவர் அப்படியே விட்டார். 266-க்குப் பின் 269. தான்வில் வியாதி, வேறென்ன! இந்தக் காலியிடத்தால் ஒரு கேடு பாருங்கள்: மிச்சமிருக்கும் 398 பாட்டும் ஏட்டில் இருந்தவைதான் என்று நாம் நம்ப வேண்டியதாகிவிட்டது.

சிறந்த சீடன்

நம் முறையை மனிதரைவிட நன்றாகக் கற்றுக்கொண்டது இப்போது கணினிக்குள் இருக்கிறது. கேட்ட மாத்திரத்தில், மூச்சு வாங்காமல், வானத்தைப் பார்க்காமல் பதில் சொல்லும். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி எடுத்துக்கொடுத்த தீர்ப்புகளை மனுவில் சேர்த்து நீதிமன்றத்தில் போட்டார்கள். அவற்றில் ஆறு தீர்ப்புகள் உலகத்திலேயே இல்லாதவை. இதெல்லாம் நிஜம்தானா என்று இடையில் அதனிடமே ஒரு தடவை கேட்டும் இருக்கிறார்கள். நிஜம்தான் என்றது. 5,000 டாலர் அபராதம் கட்டியது வழக்கறிஞர்கள் தரப்பு. இயந்திரத்தின் மானத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. அது யார் எழுதியதைப் படித்து வளர்ந்தது என்று பார்த்தால் நாம் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தலாம்.

வாய் தவறிச் சொல்லிவிட்டால்

அசந்த நேரத்தில் அந்தச் சொல் வெளியே வந்துவிடுவது உண்டு. முதலுதவி எளிது. நிறுத்தாமல் வாக்கியத்தை நீட்டுங்கள்: “எனக்குத் தெரியாது... ன்னு நினைச்சுதானே கேக்கறீங்க?” அவ்வளவுதான், கேட்டவர் தலை குனிந்துவிடுவார். தாமதித்தால் சிக்கல். “தெரியலைப்பா, பஸ் ஸ்டாண்டுல மோட்டார் காயில் கட்டற பாய் இருக்கார், அவருக்குத் தெரியும்” என்று ஒருமுறை சொல்லிவிட்டீர்களானால், அடுத்த முறை நீங்கள் ‘தெரியும்’ என்று சொல்லும்போது ஆட்கள் அதை நம்பித் தொலைப்பார்கள். பிறகு அந்தப் பெயரைக் காப்பாற்றவே படிக்க வேண்டியிருக்கும்.

அரசே கொடுத்த வட்டம்

கடைசியாக, தேர்வு எழுதும் தம்பி தங்கைகளுக்கு. நீட்டில் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிப்பதால் அங்கே நம் கலைக்குக் கொஞ்சம் சேதாரம் உண்டு. டி.என்.பி.எஸ்.சி.யில் அந்தக் கழிவும் இல்லை. நாலில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு கறுப்பாக்கினால் அடிக்கவும் வாய்ப்புண்டு. சொர்க்கமாக இருந்த இடத்தில் 2020-ல் ஒரு மாற்றம் செய்தார்கள். ஏ, பி, சி, டி என்ற நான்கு வட்டங்களோடு ஈ என்று ஐந்தாவது வட்டம். அதன் பொருள்: விடை தெரியவில்லை. தெரியாத கேள்வியைச் சும்மா விட முடியாது. தெரியவில்லை என்று கறுப்பாக்கியே தீர வேண்டும்.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. 2019 குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதிய சிலர், கொஞ்ச நேரத்தில் மறைந்துபோகும் மையால் விடைகளைக் குறித்திருந்தார்கள். விடைத்தாள்கள் போகிற வழியில், வெறுமையான வட்டங்களில் தரகர்கள் சரியான விடைகளை நிரப்பினார்கள். விசாரணையில் வெளிவந்து, 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தார்கள். ஒன்றும் குறிக்காமல் விட்ட இடத்தில் யார் வேண்டுமானாலும் வந்து மலை வரையலாம். ‘தெரியவில்லை’ என்று கறுப்பாக்கிய கேள்வியில் யாரும் கைவைக்க முடியாது என்பது ஆணையத்தின் கணக்கு. அதற்கு மேலும் ஒரு கொடுமை: தேர்வு முடிந்ததும் கூடுதலாகக் கால் மணி நேரம் கொடுத்து, ஏ எத்தனை, பி எத்தனை என்று எண்ணி எழுதச் சொன்னார்கள். ஈ எத்தனை என்பதையும். தனக்கு எவ்வளவு தெரியாது என்று ஒரு தமிழரைத் தன் கைப்பட எண்ணி எழுதவைக்கிற கட்டம் வேறு எந்தப் படிவத்தில் இருக்கிறது?

நீங்கள் அந்தக் கட்டத்தில் சுழியம் போட்டுவிட்டு எழுந்து வாருங்கள். வாசலில் கூட்டம் நிற்கும். “சார், 67-ஆவது என்ன போட்டீங்க?” என்பார் ஒருவர். “சி-தான். டவுட்டே இல்லை” என்று சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கிற பெண், “எனக்குத் தெரியலைண்ணா, ஈ போட்டுட்டேன்” என்று சொல்லிக்கொண்டே, வினாத்தொகுப்பில் 67-ஐ வட்டமிட்டு, மரத்தடிக்குப் போய்ப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துத் தேட ஆரம்பிப்பார். அவர் தேடி முடித்துத் தலையை நிமிர்த்துவதற்குள் நீங்கள் கூட்டத்தை 90-ஆவது கேள்விக்கு நகர்த்தியிருக்க வேண்டும்.